நாற்பது டிரெய்லருக்கு எத்தனை சர்வீஸ்?

தண்டையார்பேட்டையில் டிரெய்லர் கம்பெனி வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் மென்பொருள் செய்து தருவதற்கு வந்த மூன்று கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “தம்பி, இதுல எதுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்?” என்று கேட்டார். அவரிடம் நாற்பது வண்டி. சென்னைத் துறைமுகம், அங்கிருந்து வடக்கே சுமார் 24 கிலோமீட்டரில் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிய காட்டுப்பள்ளி என மூன்று இடத்திலும் கன்டெய்னர் எடுக்கிறார்கள், இறக்குகிறார்கள். மாதவரம், மணலி பக்கத்து சி.எஃப்.எஸ். (கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் நடக்கும் கன்டெய்னர் கிடங்கு), காலிப் பெட்டிகளை வைக்கும் எம்ப்டி யார்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஃபேக்டரி என்று வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். ட்ரிப் ஷீட் பேப்பரில், கணக்கு எக்செல்லில், மற்றதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். இதையெல்லாம் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் கொட்டேஷனில் ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ், ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர். இரண்டாவதில் பன்னிரண்டு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்), நடுவில் அவற்றுக்குள் செய்தியை வரிசையில் வைத்துக் கடத்த ஒரு மெசேஜ் க்யூ, எல்லாம் கிளவுடில் குபர்நெட்டிஸ் என்ற நிர்வாகக் கருவி மேல் ஓடும். மூன்றாவதில் புரோகிராம் ஒன்றுதான், ஆனால் உள்ளே நான்கு பகுதியாகத் தடுத்தது. டிரைவர் கையில் மட்டும் தனி ஆப். விலையில் இரண்டாவதுதான் உச்சம். அதனாலேயே அதுதான் தரமானதாக இருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மூன்றிலும் படம் அழகாக இருந்தது. பெட்டி போட்டு, அம்புக்குறி போட்டு வரைந்தால் எந்த சிஸ்டமும் அழகாகத்தான் இருக்கும்.

என் பதில் மூன்றாவது, சில மாற்றங்களோடு. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கன்டெய்னர் பக்கமே போகாத தொழிலிலும் இதே மூன்று கொட்டேஷன்தான் வருகிறது.

வரைவதற்கு முன்

ஆர்க்கிடெக்சர் (மென்பொருளின் கட்டமைப்பு) பேச்சை எடுத்தாலே எந்த லாங்குவேஜ், எந்த கிளவுட் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. எவ்வளவு வேலை வரும்? எது நின்றால் பணம் போகும்? எது அடிக்கடி மாறும்?

முதல் கேள்வி சுலபம். ஒரு நாளில் நூறு ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு ஐம்பது பதிவு என்று தாராளமாகவே வைப்போம். 5,000 பதிவு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக 17 விநாடிக்கு ஒரு பதிவு. வியாபாரம் பத்து மடங்கு பெருத்தாலும் இரண்டு விநாடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இன்றைய சாதாரண டேட்டாபேஸ் ஒன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதும். “நாளைக்கு ஸ்கேல் ஆகணும் சார்” என்று இரண்டாவது வெண்டார் சொன்னதற்கு இந்தக் கணக்கே பதில்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பில் போடும் ஸ்கிரீன் அரை நாள் படுத்துவிட்டால் அக்கவுன்ட்ஸில் இருக்கும் அக்கா திட்டுவார், மறுநாள் சேர்த்துப் போடுவார். பணம் எங்கும் போகாது. ஆனால் எக்ஸ்போர்ட் லோடு ஏற்றிக்கொண்டு டெர்மினல் கேட்டுக்கு வந்த டிரைவரிடம் ஃபார்ம் 13 (எக்ஸ்போர்ட் பெட்டியை உள்ளே விடுவதற்கான படிவம்) விவரம் இல்லையென்றால் வண்டி வரிசையை விட்டு ஒதுங்க வேண்டும். மறுபடி எப்போது உள்ளே போகும் என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. எம்ப்டியைத் திருப்பி விடத் தாமதமானால் ஷிப்பிங் லைன் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் போடும். அப்படியானால் இந்த சிஸ்டத்தின் உயிர்நிலை கேட்டிலும் யார்டிலும் இருக்கிறது. சிக்னல் கோளாறு பண்ணுவதும் அங்கேதான்: இரும்புப் பெட்டி அடுக்குகளுக்கு நடுவில், பழைய ஃபோனும் தீரப்போகும் பேட்டரியுமாக.

மாறுவது எது? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக அரசு போர்ட்டலில் எடுக்கும் ஆவணம்). அது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும் என்றிருந்ததை 2021 ஜனவரியில் 200 என்று மாற்றினார்கள். அடுத்த மாதமே ஃபாஸ்டேக் கட்டாயம். டிரைவர் பேட்டாவும் டீசல் அட்வான்ஸும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாறும். வண்டி, கன்டெய்னர், ட்ரிப் என்ற மூன்றும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஒரு புரோகிராமை எந்த அடிப்படையில் துண்டு போடுவது என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதிவிட்டார். வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதே. நாளைக்கு மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வை, மற்றப் பகுதிகளுக்கு அது தெரியவே கூடாது என்றார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பாலான கொட்டேஷன்களில் “புக்கிங், டிஸ்பாட்ச், டெலிவரி, பில்லிங்” என்று வேலை வரிசைப்படிதான் பெட்டி வரைகிறார்கள்.

பன்னிரண்டு சர்வீஸ்

மைக்ரோசர்வீஸ் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்த நோய்க்கு மருந்து என்று பார்க்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் 2008-ல் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டி.வி.டி. அனுப்ப முடியாமல் நின்றார்கள். அதற்கப்புறம் ஒரே பெரிய அமைப்பை உடைத்து, கிளவுடுக்குப் போய், 2016 ஜனவரியில்தான் மாற்றத்தை முடித்தார்கள். ஏறத்தாழ ஏழு வருஷம். அவர்களிடம் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் வேலை செய்ய வேண்டிய ஏராளமான குழுக்கள் இருந்தன. நம்மாளிடம் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளப் போவது இரண்டு பேர், அதிலும் ஒருவர் பாதி நேரம் பிரிண்டர் சரிசெய்வார்.

கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-ல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் சிஸ்டம், அந்த நிறுவனத்துக்குள் ஆட்கள் பேசிக்கொள்ளும் அமைப்பின் நகலாகத்தான் வரும். பன்னிரண்டு குழு இருக்கும் இடத்தில் பன்னிரண்டு சர்வீஸ் இயல்பாக அமையும். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் ஆறு சர்வீஸைக் கட்டி மேய்க்க வேண்டியதுதான்.

இனி நம்பகத்தன்மைக் கணக்கு. ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் வருஷத்துக்கு சுமார் 8.8 மணி நேரம் படுத்திருக்கும். பரவாயில்லை. ஒரு ட்ரிப்பை முடிக்க ஐந்து சர்வீஸ் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால் 0.999-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 99.5 சதவீதம் வரும். இப்போது வருஷத்துக்கு 43 மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் முன்பு போலவே நன்றாக ஓடுகிறது, மொத்தம் மட்டும் ஐந்து மடங்கு மோசம். நடுவில் க்யூ போட்டால் இது குறையும், உண்மைதான். ஆனால் அந்த க்யூ ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை பாதித் தோல்வி. ட்ரிப் முடிந்ததும் நான்கு காரியம் நடக்க வேண்டும்: ட்ரிப்பை மூடுவது, டீசல் அட்வான்ஸைக் கழிப்பது, டிரைவர் பேட்டாவை ஏற்றுவது, கஸ்டமர் பில்லில் ஒரு வரி சேர்ப்பது. ஒரே டேட்டாபேஸ் என்றால் நான்கும் ஒரே ட்ரான்ஸாக்ஷன். நடந்தால் நான்கும் நடக்கும், இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. நான்கு தனி சர்வீஸ் என்றால், மூன்றாவது வரை நடந்து நான்காவதிடமிருந்து பதில் வராமல் போகலாம். பதில் வரவில்லை என்றால் பில் விழவில்லையா, விழுந்துவிட்டுப் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பிய பக்கத்துக்குத் தெரியாது. முதல் மூன்றையும் திருப்ப வேண்டுமா, நான்காவதை மறுபடி முயல வேண்டுமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் குறிமுறை எழுத வேண்டும். இதைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்துக்கு நம்மாள் இன்னொரு டிரெய்லர் வாங்கிவிடலாம்.

பெரிய இடத்திலேயே இந்தக் கணக்கு சில சமயம் திரும்புகிறது. அமேசான் ப்ரைம் வீடியோவில் ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைப் பல துண்டாகப் பிரித்துக் கட்டியிருந்த குழு ஒன்று, அதையெல்லாம் ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் எழுதியது. அந்த ஒரு கருவிக்கு மட்டும்தான். அமேசான் முழுக்க அல்ல. ஆனாலும் கொட்டேஷன் படிக்கும் நேரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பிரித்து வைப்பதா, சேர்த்து இறுக்குவதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறார்கள். சாதாரண ரயிலில் இன்ஜின் தனி, பெட்டி தனி. கப்ளரும் பிரேக் பைப்பும் ஒரே தரத்தில் இருப்பதால் ஒரு பெட்டி பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம், எந்த இன்ஜினும் இழுக்கும். அதே இடத்தில் 2018-ல் செய்த ட்ரெயின் 18-ல், இப்போதைய வந்தே பாரத்தில், மோட்டார் பாதிப் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கிறது. சட்டென்று வேகம் எடுக்கும், சட்டென்று நிற்கும், கடைசியில் போய் இன்ஜின் மாற்றித் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பெட்டியும் சேர்ந்து ஒரு செட். நடுவில் ஒன்றைப் பிடுங்கி வேறு ரயிலில் மாட்ட முடியாது. கழற்றும் வசதி வேண்டுமா, இறுக்கத்தால் வரும் வேகம் வேண்டுமா என்று அந்தந்த ரயிலின் வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

ஒரே புரோகிராம், ஆபீஸ் மூலை

முதல் கொட்டேஷனை நம்மாள் அலட்சியமாகத் தள்ளிவிட்டார். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஒரே டேட்டாபேஸ், சிஸ்டம் என்ன செய்தது என்ற பதிவு (லாக்) ஒரே இடத்தில், ஒரே பேக்கப். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது நின்றால் எங்கே பார்ப்பது என்று யோசிக்க வேண்டாம். மேலே சொன்ன நான்கு காரியமும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் முடியும்.

அதன் குறை உள்ளே இருக்கிறது. சுவரே இல்லாத புரோகிராமில் யார் வேண்டுமானாலும் எந்த டேபிளையும் தொடலாம். முதல் வருஷம் சுகமாகப் போகும். இரண்டாவது வருஷம் டீசல் அட்வான்ஸ் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் மாதக் கடைசியில் பில் தப்பாக வரும், ஏனென்றால் பில் போடும் ரிப்போர்ட் நேராக அந்த நெடுவரிசையைப் படித்துக்கொண்டிருந்தது. அப்புறம் யாரும் எதையும் தொடப் பயப்படுவார்கள். சின்ன கம்பெனிகளில் மென்பொருள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்; வேலைப்பளு தாங்காமல் செத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆபீஸ் மூலையில் சர்வர் வைப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2016-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். மிக்ஜாமில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது, கரண்டும் சிக்னலும் எப்போது திரும்பி வந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தரைத்தளத்தில் சர்வர் வேண்டாம், அவ்வளவுதான். கிளவுடில் வைக்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஸூரின் தென்னிந்திய மையம் சென்னையிலேயே இருக்கிறது, அமேசானுக்கு மும்பையில் 2016 முதல் இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் வேகம் என்பார்கள். மும்பை போய் வர மில்லி விநாடிக் கணக்குதான், பில் போடுபவர் கண்ணுக்குத் தெரியாது. மெயின் எங்கே இருந்தாலும் பேக்கப் வேறு ஊரில் இருக்கட்டும். ஒரே புயல் ஆபீஸையும் பேக்கப்பையும் சேர்த்துத் தொடக் கூடாது.

உள்ளே சுவர், வெளியே ஒரே ஒரு பிளவு

மூன்றாவது கொட்டேஷனில் நான்கு பகுதி: ட்ரிப், பணம், பில், ஆவணம். எல்லாம் ஒரே புரோகிராமாக ஓடும், ஒரே டேட்டாபேஸ். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஸ்கீமா, அதாவது அதன் டேபிள்களுக்கென்று டேட்டாபேஸுக்குள் தனி அறை. பில் பகுதிக்கு ட்ரிப் விவரம் வேண்டும் என்றால் ட்ரிப் பகுதி வெளியே கொடுத்திருக்கும் சில ஃபங்ஷன்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும், டேபிளை நேராகத் தொடக் கூடாது. தொட்டால் புது வெர்ஷனைத் தயாரிக்கும் வேலையே நிற்கும்படி ஒரு டெஸ்ட் எழுதிவிடலாம். இந்த டெஸ்ட் இல்லாவிட்டால் சுவர் பேப்பரில் மட்டும்தான் இருக்கும், ஆறு மாதத்தில் முதல் கொட்டேஷன் ஆகிவிடும்.

ஆவணப் பகுதியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம், பார்னாஸ் சொன்னது அதில் நன்றாகத் தெரியும். துறைமுகத்திலிருந்து கஸ்டம்ஸ் கிளியரன்ஸுக்காக சி.எஃப்.எஸ். போகும் பெட்டிக்கு இ-வே பில் வேண்டாம். காலிக் கன்டெய்னருக்கும் வேண்டாம். கிளியர் ஆகி சி.எஃப்.எஸ்.ஸிலிருந்து ஃபேக்டரிக்குப் போகும்போது வேண்டும். பெரும்பாலும் முதல் பாகத்தைச் சரக்குக்காரர் போடுவார், வண்டி நம்பர் வரும் இரண்டாம் பாகத்தை டிரான்ஸ்போர்ட் கம்பெனி போடும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டியில் மாற்றினால் இரண்டாம் பாகத்தைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனை விதியும் ஆவணப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். ட்ரிப் பகுதி கேட்பது ஒரே கேள்வி: “இந்த வண்டி கிளம்பலாமா?” ஆம், இல்லை, இன்னும் தெரியவில்லை என்று மூன்று பதில். நாளைக்கு விதி மாறினால் ஒரு பகுதி மட்டும் மாறும்.

அந்த மூன்றாவது பதில் முக்கியம். அரசு போர்ட்டல் மெதுவாக இருந்தால் ட்ரிப் போடும் ஸ்கிரீனும் சேர்ந்து தொங்கக் கூடாது. கோரிக்கையை க்யூவில் போட்டுவிட்டு ஸ்கிரீன் விடுதலையாக வேண்டும். ஆனால் இ-வே பில் வராமல் வண்டியை வெளியே விடவும் கூடாது. அந்தக் காத்திருப்பு சட்டத்தால் வருவது, எந்த ஆர்க்கிடெக்சரும் அதைக் குறைக்காது.

இப்போது டிரைவர் ஆப். இந்த ஒன்றைக் கண்டிப்பாகத் தனியாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் நெட்வொர்க் உண்மையாகவே அறுவது இங்கேதான். எரிக் ப்ரூவர் 2000-ல் முன்வைத்து, 2002-ல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்த ஒரு தேற்றம் உண்டு. தொடர்பு அறுந்திருக்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே தகவல் இருக்க வேண்டும் என்பதையும், கேட்ட எல்லாருக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும். பாடத்தில் படிக்கும்போது முழு சிஸ்டத்துக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை, காரியத்துக்குக் காரியம் மாறலாம்.

கேட்டில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சீல் நம்பர், ஈ.ஐ.ஆர். (பெட்டி கைமாறும்போது அதன் நிலையைக் குறிக்கும் ரசீது) ஃபோட்டோ: இவற்றை ஆப் எப்போதும் வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்னல் வந்தபிறகு அனுப்பட்டும். முதலில் எழுத்து, பிறகு ஃபோட்டோ. டீசல் அட்வான்ஸ் அப்படியில்லை. சிக்னல் இல்லாத நேரத்தில் யார்டு சூப்பர்வைசர் ஒருமுறையும் ஆபீஸ் ஒருமுறையும் ஒரே ட்ரிப்புக்குப் பணம் கொடுத்துவிடலாம். அதனால் அங்கே சிஸ்டம் “இப்போ முடியாது” என்று சொல்வதுதான் சரி. ரொம்ப அவசரம் என்றால் ஆஃப்லைனில் ஒரு சின்னத் தொகை வரை மட்டும் அனுமதிக்கலாம்; எவ்வளவு என்பதை முதலாளி முடிவு செய்யட்டும், புரோகிராமர் வேண்டாம்.

ஆப் அனுப்பும் ஒவ்வொரு பதிவுக்கும் ஃபோனிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுக்க வேண்டும். அனுப்பியது போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்தால் ஆப் மறுபடி அனுப்பும். சர்வர் அதே எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடும். இது இல்லாவிட்டால் ஒரே பெட்டி இரண்டு தடவை கேட்டைத் தாண்டியதாகப் பதிவாகும். இரண்டு நேரமும் வேண்டும்: சம்பவம் நடந்த நேரம், சர்வருக்கு வந்த நேரம். டிடென்ஷன் தகராறு வந்தால் முதல் நேரம்தான் பேசும், ஃபோன் கடிகாரம் தப்பாக ஓடுகிறதா என்று இரண்டாவது காட்டிக்கொடுக்கும்.

கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்க நெட்வொர்க்கே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு, 11-ன் மடங்குகளை விட்டுவிட்டு. ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்ணால் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. ஓர் இலக்கம் தவறினால் பெரும்பாலும் ஃபோனிலேயே மாட்டிக்கொள்ளும். சில வரிக் குறிமுறைதான். தப்பு நம்பரோடு டெர்மினல் கேட் வரை போய்த் திரும்பும் வண்டிக்கு ஆகும் டீசலை யோசித்துப் பாருங்கள். மூன்று கொட்டேஷனிலும் இது இல்லை.

ரெடிமேடாக வாங்குவது நான்காவது வழி. பில்லுக்கும் கணக்குக்கும் அதுதான் சரி, டேலி இருக்கும்போது புதிதாக ஜெனரல் லெட்ஜர் எழுதுவது வீண். அதனால் மூன்றாவது கொட்டேஷனில் பில் பகுதியைச் சுருக்கி, விவரத்தை டேலிக்குத் தள்ளுவதோடு நிறுத்தச் சொன்னேன். கேட், யார்டு வேலைக்கு இவர்கள் முறைக்கு அப்படியே ஒத்துவரும் ரெடிமேட் எதுவும் என் கண்ணில் படவில்லை.

எப்போது இந்த முடிவை மாற்றலாம்? வண்டி நானூறு ஆனாலும் மாற்ற வேண்டாம். வேலைப்பளு காரணமே ஆகாது என்பதை மேலே கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. ஆவணப் பகுதியை வேறு டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் சேவையாக விற்கலாம் என்று நினைத்தாலோ, அதற்கென்று தனியாக ஒரு டீம் வந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் வெளியே எடுக்கலாம். சுவர் ஏற்கெனவே இருப்பதால் எடுப்பது சில மாத வேலையாக முடியும். பன்னிரண்டாகப் பிரித்ததை ஒன்றாக்குவது அதைவிடக் கஷ்டம், ஒவ்வொன்றும் தன் தன் டேட்டாவோடு தனி வழியில் போயிருக்கும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். சோர்ஸ் கோடு கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். டேட்டாபேஸின் முழு நகல் தினமும் கம்பெனியின் சொந்த கிளவுட் கணக்கில் விழ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து சிஸ்டத்தை எழுப்பிக் காட்ட வேண்டும், ஏனென்றால் எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. பகுதிகளுக்கு நடுவே இருக்கும் சுவர் டெஸ்ட் தோற்றால் புது வெர்ஷன் ஏற்றக் கூடாது. முதலில் டிரைவர் ஆப் மட்டும், அதுவும் காட்டுப்பள்ளி ரூட்டில் ஓடும் சில வண்டிகளுக்கு. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு ட்ரிப் முழுக்க ஓட்டிக் காட்டிய பிறகுதான் அடுத்த தவணை. பில் பகுதி வந்ததும் ஒரு மாதக் கடைசியைப் பழைய எக்செல்லோடு சேர்த்து இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த மாதம் அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு ஓவர்டைம் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.